சேலையில் மின்னிய வெள்ளிப்பொடி

என் உயிரான மல்லிகா அக்காவுக்கு,

நீ நம்பவே மாட்டாய். பட்டாசுப் பெட்டி லேபிளுக்குச் சாமிப் படமும் மத்தாப்பும் வரைந்துகொண்டிருந்த உன் தம்பி, இப்போது விருதுநகரில் ஒரு ஹோட்டலின் தலைமைச் சமையல்காரன். ஓவியக் கல்லூரியில் படித்தவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று ஊரே பேசியது. நாரணாபுரத்தில் நாம் ஆபீஸ் என்று சொல்லும் அந்தப் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து உன்னைக் கொண்டுபோன பிறகு, தூரிகையில் சிவப்பைத் தொடவே முடியவில்லை, வரைவதையே விட்டுவிட்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்? சமைக்கத் தெரியும். அதுவும் உன்னால்தான்.

வெடிமருந்து ஒட்டிய சேலையோடு அடுப்புப் பக்கம் நீ வரமாட்டாய். "ஏலே, நான் குளிச்சிட்டு வாரேன், நீ உலைய வையி" என்று வாசலிலேயே நிற்பாய். அப்படிப் பழகியதுதான். ஆனாலும் இன்றைக்கும் பர்னரைப் பற்றவைக்குமுன் என் சட்டையை ஒருமுறை உதறிப் பார்க்கிறேன் அக்கா. யாரிடமும் சொன்னதில்லை.

இன்று மதியம் என் மானமே போயிற்று. செல்வி என்றொருத்தி, வாரத்தில் பாதி நாள் எங்களிடம் காய் நறுக்குகிறாள், மீதி நாள் பட்டாசு ஆபீஸில் மருந்து அடைக்கிறாள். அடுப்புப் பக்கம் வந்தவளின் சேலை ஓரத்தில் வெள்ளியாக ஏதோ மின்னியது. பட்டாசில் போடும் அலுமினியப் பவுடர், ஒரு பொறி பட்டால் போதும்! எல்லா அடுப்பையும் அணைத்தேன். கத்தினேன். ஒரு வாளித் தண்ணீரை அவள்மேலேயே ஊற்றிவிட்டேன்.

"ஏண்ணே இப்படிப் பண்ணுறீக? இன்னைக்கு நான் அங்கன போகவே இல்லையே. எம்மக பள்ளிக்கூட ஆட்டத்துக்கு ஜிகினா ஒட்டிவிட்டேன், அது."

"இம்புட்டுப் பேரு பசியோட உக்காந்திருக்காக, உனக்கென்னலே கிறுக்கா?" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்விதான் சமாதானம் சொன்னாள். "விடுங்கண்ணே. நாளைக்கு நான் வரமாட்டேன். தீபாவளி லோடு போகணுமாம், மருந்து ரூமுக்கு ஆள் பத்தல."

முதலாளியிடம் கெஞ்சி அவளுக்கு முழுநாள் வேலை வாங்கினேன். அவளோ, "அங்கன வாரேன்னு சொல்லிட்டேண்ணே, இந்த சீசன் முடியட்டும்" என்று போய்விட்டாள். அந்தச் சீசன் முடிவதற்குள் என்னென்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா?

காலையில் ஆபீஸ் வேன் வருமுன் அவள் வீட்டு வாசலில் நிற்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. கேட்பாளோ, மாட்டாளோ, பயமாக இருக்கிறது. கடைசி நாள் காலையில் நீ, "இன்னைக்குப் போக மனசே இல்லலே" என்றாய். நான் வரைந்துகொண்டே, "போய்ட்டு வா" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக்கு வழியை மறித்துச் சொல்வேன் அக்கா, போகாதே என்று.

அன்று உன்னைப் போகவிட்ட உன் தம்பி,
முத்து