சும்மா தந்தாலும் தொடமாட்டன்

நவம்பர் 22, சனி

மழையும் பனியும் கலந்து. காலை ஏழரைக்கே எங்கள் வான் வண்டிக்கு வின்ரர் ரயர் போடக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர்.

பின்னேரம் வீட்டில் சும்மா. பதினாறு வருடமாகச் சனி மூன்று மணி என்றால் நான் யூனியன்வில்லில், பாபு வீட்டு பேஸ்மென்ற்றில். பாபு என் மனைவி சுகந்தியின் தம்பி. சோபாவில் இருவர், கையில் கொன்ரோலர், ரீவியில் கால்பந்து கேம். ஒரே அணி. அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு.

செப்ரெம்பரில் பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டுவிட்டான். வீட்டுக்கடன் மோட்கேஜ் கூடிவிட்டதாம். குறை சொல்ல முடியாது. அவரவர் வீட்டிலிருந்து இன்ரநெற்றில் விளையாடலாம் என்று புதுக் கேம் பெட்டி வாங்கினான். என்னுடைய பழைய பெட்டி அதோடு சேராது. அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கும் குணாவிடம் புதுசு இருக்கிறது. குணா என் சகலன், சுகந்தியின் தங்கச்சி புருசன். இப்போது சனி மூன்று மணிக்கு அவனும் பாபுவும்.

பொறாமைதான். என்னுடைய நாட்குறிப்புக் கொப்பி, எழுதினால் என்ன.

நவம்பர் 25, செவ்வாய்

இந்தக் கிழமையும் மூன்று நாள்தான் வேலை. நாங்கள் செய்யும் கார்ச் சாமான்கள் கனடாவிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவுக்குப் போகவேண்டியவை. அவர்கள் வரி போட்ட பிறகு ஓடர் குறைவு. லன்ச் ரூமில் முழு நேரமும் அமெரிக்க அரசியல். அடுத்த தேர்தலோடு எல்லாம் மாறும் என்று ஒருவர். ஆர் வந்தாலும் ஏறின விலை இறங்காது என்று இன்னொருவர். எல்லோரும் நிபுணர்கள். நானும்தான்.

வரும் வழியில் கடைக்குள் ஏறினேன். சும்மா பார்க்க. அந்தப் புதுப் பெட்டியை நகைக்கடை மாதிரிக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். விலை போன வருடத்தைவிடக் கூட. பழைய ரீவி மலியும், பழைய கார் மலியும், இது மட்டும் பழசாகப் பழசாக ஏறுகிறது. விளையாட்டுக்கு வேறு தனி விலை. பக்கத்தில் இரண்டு தமிழ்ப் பெடியள்:

"ப்ரோ, ஹன்ரட் டொலர்ஸ். அதுவும் ஃபுல் கேம் இல்லையாம்."

"வெயிற் பண்ணு. சேல் வரும்."

மூன்று நாள் சம்பளத்தோடு நான் சேலுக்கும் பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். பால் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 29, சனி

குணா குடும்பம் அவர்களுடைய தாங்ஸ்கிவிங் லீவுக்கு வந்திருக்கிறது. பாபு வீட்டில் சாப்பாடு. புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, குணா கேட்டதற்காக ஒரு வான்கோழி. வான்கோழியைக் குணா மட்டும்தான் சாப்பிட்டான்.

அவனுடைய கருத்துகள், யாரும் கேட்காமலே:
– அமெரிக்கப் பொருளாதாரம் நன்றாகப் போகிறது, செய்திக்காரர் பொய் சொல்கிறார்கள்
– பெற்றோல் அங்கே மலிவு
– கேமும் மலிவு (அவன் டொலரும் என் டொலரும் ஒன்று மாதிரி)
– கனடாக்காரருக்குத் தொட்டதுக்கெல்லாம் கோபம்

எல்லாம் பொறுத்தேன். பிறகு பாபுவின் முதுகில் தட்டி, என்ன பார்ட்னர், போன கிழமை கடைசி நிமிசத்தில் அடித்த கோல் எப்படி என்றான். பார்ட்னர். பதினாறு வருடம் பின்னுக்கு நின்று மறித்தவன் நான்.

அங்கேதான் எனக்கு விசர் பிடித்தது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன்.

"அவங்கள் வரி போட்டு எங்கடை வேலையைத் தின்னுறாங்கள். இனி அவங்கடை ஒரு சாமானும் என்ரை வீட்டுக்குள்ளை வராது. உந்தக் கேமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். சும்மா தந்தாலும் தொடமாட்டன்."

பாபுவின் மாமனார் கை தட்டினார். பாபு தன் மனைவியைப் பார்த்தான், பிறகு என்னை. நல்ல மரியாதை அந்தப் பார்வையில். குணா வான்கோழியைக் கிளறிக்கொண்டிருந்தான். நல்ல சந்தோசம் எனக்கு.

திரும்பி வந்து வீட்டு வாசலில் வைத்துச் சுகந்தி சொன்னாள்: "அந்தப் பெட்டி யப்பான்காரன்ரை. கேம் இஞ்சை கனடாவிலை, வன்கூவரிலை செய்யிறாங்களாம். நீங்கள் ஓடுற வான் எந்த நாட்டுக்காரன்ரை எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ."

அவளுக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று விளங்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

பனி. வாசல் இரண்டு தரம் வழித்தேன்.

வீட்டில் இனி இல்லாத அமெரிக்கச் சாமான்கள்: தோடம்பழச் சாறு. காலைச் சீரியல். என் ஷேவிங் கிரீம். சுகந்தியின் உடுப்புத் தோய்க்கிற பவுடர் (பெரிய சண்டை, இன்னும் முடியவில்லை).

பாபுவின் மாமனார் கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். இன்று ஒருவர் போன் எடுத்து, தமிழ் வானொலியில் வந்து கதைக்கிறீங்களோ என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் ஒரு கணம் யோசித்தேன், வெட்கம்.

குணாவின் வீடு, சம்பளம், பெற்றோல் ஒன்றும் எனக்கு வேண்டாம். சனி மூன்று மணி மட்டும் வேண்டும். பாபுவுக்குப் பின்னுக்கு நிற்கவேண்டும். இதைப் போய் எந்த வானொலியில் சொல்வது.

டிசம்பர் 6, சனி

ஐம்பது வயது. வெயில், ஆனால் கடும் குளிர். முழங்கால் நோ.

ஒன்றரைக்குப் பாபு கேக்கோடு வந்தான். பரிசு: மேப்பிள் சிரப், கம்பளித் தொப்பி, காலுறை. எல்லாம் கனடாச் சாமானாம், லேபிள் பார்த்துப் பார்த்து வாங்கினானாம். தொப்பியைப் போட்டுக் காட்டினேன். தேத்தண்ணி குடித்து முடித்தபின் சொன்னான்.

"அத்தான், உங்கடை ஐம்பதுக்கெண்டு நாங்கள் எல்லாரும் சேந்து அந்தப் புதுப் பெட்டி வாங்கி வைச்சிருந்தனாங்கள். அண்டைக்கு எங்கடை வீட்டிலை மேலை அலுமாரிக்குள்ளை இருந்தது. நீங்கள் அப்பிடிக் கதைச்ச பிறகு அதைத் தந்தால் உங்களை அவமதிச்ச மாதிரி. குணா அண்ணை தன்ரை மற்ற அறைக்கு ஒண்டு வேணுமெண்டவர். அவரிட்டைக் குடுத்துவிட்டன். பிழையில்லைத்தானே?"

குசினியில் சுகந்தி தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். 'எல்லாரும்' என்றால் அவளும்தான்.

வாய் வரை வந்தது. பிழை பாபு, பெரிய பிழை, எனக்கு வேணும் என்று. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அன்றைக்குப் பார்த்த அதே மரியாதையோடு.

"பிழையில்லை" என்றேன். "நான் சொன்னால் சொன்னதுதான்."

கட்டிப் பிடித்தான். கூட்டாளிகளுக்கெல்லாம் என்னைப் பற்றித்தான் சொல்கிறானாம். பிறகு நேரத்தைப் பார்த்தான். மூன்றுக்குள் வீட்டில் நிற்கவேண்டும், குணா அண்ணை பார்த்துக்கொண்டிருப்பார் என்றான்.

றோட்டு வழுக்கும், மெதுவாகப் போ என்று சொல்லி, நானே அவன் கார்க் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டேன்.