நால்வர் அணியும் அம்மாவின் பதிவேடும்

அம்மா,

இன்று மதியம் மடிக்கணினிப் பையைத் திறந்து மவுஸை வெளியே எடுத்தேன். உன் மூட்டுவலித் தைலத்தின் வாசனை அதில் இன்னும் இருக்கிறது. நீ போய் ஆறு மாதமாயிற்று, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தும் பார்த்துவிட்டேன், போகமாட்டேன் என்கிறது. நீ இருந்தபோது இதே வாசனைக்காக உன்னிடம் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! "தைலக் கையோட தொடாதம்மா, பிசுபிசுங்குது" என்பேன். "வலி எனக்கா, உன் மவுஸுக்கா?" என்பாய்.

மவுஸைத் தேடி எடுத்ததற்குக் காரணம் நஸ்ரின். என்னோடு வேலை பார்க்கிறவள், நீகூட ஒருமுறை போனில் அவளிடம் பேசியிருக்கிறாய். நாம் ஆடிய அதே கம்ப்யூட்டர் விளையாட்டை அவளும் வாங்கியிருக்கிறாள். நாலு பேரை ஓர் அணியாகச் சேர்த்துக்கொண்டு, காடு, மலை, கோட்டை என்று அலைந்து, பூதங்களோடும் மந்திரவாதிகளோடும் மல்லுக்கட்டும் அந்த விளையாட்டுதான். முதல் ஊரைத் தாண்டுவதற்குள் அவள் அணி மூன்று முறை கூண்டோடு செத்துவிட்டதாம். "புதுசா ஆடுறவங்களுக்கு டிப்ஸ் ஏதாச்சும் இருந்தா எழுதி அனுப்புங்கக்கா" என்று கேட்டிருந்தாள். எழுத உட்கார்ந்தால் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் நீ சொன்னது, இல்லையென்றால் நீ செய்த தப்பிலிருந்து நாம் தெரிந்துகொண்டது. அவளுக்கு எழுத வேண்டியதை விட்டுவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் இரண்டு பைகளோடு ஆனையூர் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று நீ என்ன சொன்னாய் என்று உனக்கும் ஞாபகம் இருந்திருக்கும். "ஒரு வாரம் இருந்துட்டுப் போ. நான் மாப்பிள்ளைகிட்ட பேசுறேன்." அவ்வளவுதான். ஏன் வந்தாய் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வாரம் என்ற சொல் எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. வாரம் போய் மாதமான பிறகும் பைகளிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. நமக்குள் "சாப்பிட்டியா", "மோட்டாரப் போடு" தவிர வேறு பேச்சு இல்லை. நீ அப்போதுதான் அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தாய். செய்ய வேலையில்லாமல், துடைத்த ஜன்னலையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. மூன்று மணிக்கு முடியும். அதன்பிறகு ஹாலில் உட்கார்ந்து அந்த விளையாட்டை ஆடுவேன். ஒருநாள் பின்னால் வந்து நின்றாய்.

"இந்த நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்னடி வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. வழியில சேந்தவங்க."

"சொந்தமும் இல்ல, ஒரே ஆபீஸும் இல்ல. அப்புறம் எதுக்கு ஒண்ணாப் போறாங்க?"

நீ பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். நாலாம் நாள் மவுஸ் உன் கைக்குப் போய்விட்டது.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்வது, அடிக்கடி சேவ் செய்துகொள், செத்தால் அந்த இடத்திலிருந்து மறுபடி ஆடலாம் என்பது. நீ அதையும் அலுவலகமாக்கிவிட்டாய். விளையாட்டில் சேவுக்குப் பெயர் வைக்கக் கொடுத்திருந்த இடம் உனக்குப் போதவில்லை. பழைய டைரி ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எண், இடம், பொருள் என்று பதிவேடு திறந்தாய். "எண் 9. ஆற்றுப்பாலம். பொருள்: பாலத்தடிப் பூதத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவது தொடர்பாக." அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த வீட்டுக்கு வந்தபிறகு நான் முதலில் சிரித்தது அன்றுதான். உனக்குக் காரணமே புரியவில்லை. "கோப்பு இல்லாம வேலை எப்பிடிடி நடக்கும்?" என்று கேட்டாய்.

அப்புறம் அந்த நியாய தர்மம்! அணியில் ஒவ்வொருவருக்கும் அனுபவம் கூடக்கூட அவர்களுடைய திறமைகளுக்குப் புள்ளிகள் கிடைக்கும். நீ எல்லாத் திறமைக்கும் சரிசமமாகப் பங்கு வைத்தாய். வீரனுக்குக் கொஞ்சம் மந்திரம், மந்திரக்காரிக்குக் கொஞ்சம் வாள்வீச்சு, எல்லோருக்கும் கொஞ்சம் பூட்டுத் திறப்பு. "ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியலேன்னா மனசு கஷ்டப்படாதா?" என்றாய். எந்த வேலையும் உருப்படியாகத் தெரியாத நால்வரையும் ஓநாய்க்கூட்டம் தின்றுவிட்டுப் போனது. ஆளுக்கு ஒரு வேலை, அதை முழுசாகக் கற்கட்டும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

யாரிடம் பேசப்போனாலும் வாட்டசாட்டமான வீரனை முன்னால் அனுப்புவாய். பார்த்தால் பயம் இருக்கட்டும் என்று. போகிற வாசலில் எல்லாம் வெட்டுக்குத்து. பத்து நாள் கழித்து நீயே கண்டுபிடித்தாய். "மனு வாங்குற சீட்டுல சிரிச்ச மூஞ்சியாத்தான் உக்கார வைப்போம். இவன எதுக்கு முன்னாடி விட்டோம்?" அணியிலிருந்த பாட்டுக்காரப் பெண்ணை முன்னால் நிறுத்தினாய், பாதிச் சண்டை காணாமல் போனது. வைத்தியக்காரியை மட்டும் அடி படக்கூடாது என்று எங்கோ பின்னால் ஒளித்து வைத்திருந்தாய். காயம்பட்டவன் கத்தினாலும் அவளுடைய காயம் ஆற்றும் மந்திரம் போய்ச் சேரவில்லை. "எட்டுற தூரத்துல நிக்கணும், ஆனா நடுவுல போயி மாட்டிக்கவும் கூடாது. இந்தப் பிள்ள பாடு கஷ்டந்தான்டி" என்று அவளுக்காக வருத்தப்பட்டாய்.

மருந்துக் குப்பிகளை நீ தொடவே விடவில்லை. பையில் நாற்பதுக்கு மேல் இருந்தன. மந்திரக்காரி உயிருக்குப் போராடும்போதும், "இப்பமே காலி பண்ணிட்டா? பெரிய சண்டை வரும்ல" என்றாய். பீரோவில் விருந்தாளிக்கென்று லேபிள்கூடக் கிழிக்காமல் அடுக்கியிருந்த படுக்கை விரிப்புகள் மாதிரிதான். அவள் செத்துப்போனாள். முந்தைய சேவிலிருந்து ஆரம்பித்து அவளை மீட்டு, குப்பிகளை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாய். மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது என் கட்டிலில் புத்தம்புது விரிப்பு, நீலப்பூ போட்டது.

ஒரே ஒரு விஷயத்தில் உன்னை அசைக்க முடியவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்து பெட்டியைத் திறக்க மாட்டாய். "என் கை போகாதுடி" என்று மவுஸை என்னிடம் தந்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவாய். திரும்பி வந்ததும், "என்ன கெடச்சது?" என்பாய்.

அந்த வில்காரி வந்தது மழைக்காலத்தில். நம் முகாமுக்கு ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். சொந்த ஊரில் இருக்க முடியவில்லை, உங்களோடு வரட்டுமா என்று கேட்டாள். திரையில் இரண்டு பதில்கள். ஒன்று, எங்களோடு இரு. மற்றது, ஊருக்குப் போய்ச் சமாதானமாக இரு. நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டாவதை அழுத்தினாய். "பெறந்த ஊருல போயி நாலு வார்த்த பேசித் தீத்துக்கிறதுதான நல்லது" என்றாய். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். தலைவலி என்று சொன்னேன், தலை வலிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் ஆட்டத்துக்குப் பிறகு நம் அணி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் வாசலுக்கு வெளியே ஒரு மண்மேடு, அதன்மேல் அவளுடைய வில். உள்ளே விடவில்லை, மூன்று நாள் வாசலிலேயே கிடந்தாள் என்று காவல்காரன் சொன்னான். நீ மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாய்.

"இத மாத்த முடியாதா?"

"பழைய சேவ்லருந்து ஆரம்பிக்கணும். அதுக்கப்புறம் ஆடுனது அம்புட்டும் போயிரும்மா."

பதிவேட்டைப் புரட்டினாய். எண் 31. "போனாப் போகுது" என்றாய்.

பன்னிரண்டு நாள் ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவளிடம் "எங்களோடு இரு" என்று சொன்னாய். அணியில் நாலு பேருக்குத்தான் இடம் என்பதால் வீரனை முகாமில் உட்கார வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். இல்லை. கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பொம்மையின்மேல் பொறாமைப்பட்டேன். இல்லாத ஒருத்திக்காகப் பன்னிரண்டு நாளைத் திருப்பிப் போட்டாயே, எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒருநாள் காலையில், "கெளம்பு, தல்லாகுளம் வரைக்கும் போயிட்டு வருவோம். ஆதார் அட்டைய எடுத்துக்க" என்றாய். அந்த வாரம்தான் என் கணவர் வீட்டிலிருந்து, தல்லாகுளத்தில் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலை வைத்துப் பேசிச் சேர்த்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என நினைத்தேன். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று கத்தினேன்.

"அந்த வில்காரிய மட்டும் கூப்புட்டு வச்சுக்கிட்ட. என்னைய எங்க கொண்டுபோயி விடப்போற?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "டிக்கெட்ட பத்திரமா வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டாய்.

இறங்கியதும் நீ வக்கீல் இருக்கும் பக்கம் திரும்பவில்லை. சாலையைக் கடந்து, ரேஷன் அட்டை வேலை பார்க்கும் அலுவலகத்துக்குள் நுழைந்தாய். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து மனுவை எடுத்தாய். மூன்று நகல். குடும்ப அட்டையில் என் பெயரைச் சேர்க்கக் கேட்டு, உன் கையெழுத்தில். கூடவே, அவர் வீட்டு அட்டையிலிருந்து என் பெயரை நீக்கியதற்கான சான்று. மாப்பிள்ளையிடம் பேசுகிறேன் என்றாயே, பேசித்தான் இருக்கிறாய். இந்தச் சான்றை வாங்குவதற்காக.

மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞர், "கல்யாணமான பொண்ண எதுக்கும்மா மறுபடி சேக்குறீங்க? காரணம் என்ன?" என்று கேட்டார்.

"மனுவுல இருக்கு தம்பி. வாசிங்க."

அவர் வாய்விட்டே வாசித்தார். "எனது மகளின் பெயர் எனது குடும்ப அட்டையில் எனது கவனக்குறைவால் விடுபட்டுள்ளது. இது முழுக்க எனது தவறு. அவர் மேற்கண்ட முகவரியில் என்னுடன் நிரந்தரமாக வசித்து வருகிறார். எனவே அவரது பெயரைச் சேர்த்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போனதற்கு விளக்கம் கேட்டபோது, மூன்று பக்கம் எழுதியும் தவறு என்ற சொல்லை எங்கும் வைக்காதவள் நீ. எழுத்தில் ஒப்புக்கொண்டால் முடிந்தது கதை என்று, அப்பா உயிரோடிருந்தபோது, அவரிடம் நீ சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

இளைஞர் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது கவனக்குறைவு இல்லையேம்மா. கல்யாணமாயிருச்சுன்னு நீங்களேதான மனுக் குடுத்து நீக்கியிருக்கீங்க?"

"அதத்தான் தம்பி எழுதியிருக்கேன்" என்றாய்.

அவர் ஒரு நகலை வைத்துக்கொண்டு மற்ற இரண்டிலும் முத்திரை குத்திக் கொடுத்தார். ஒன்றை உன் உறையில் வைத்தாய். இன்னொன்றை என்னிடம் நீட்டி, "நீ ஒண்ணு வச்சுக்க" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா என்றேன். "அத விடு. இன்னைக்கு ஆட்டத்துல அந்தக் கோட்டைக்குள்ள போயிருவோமா? எல்லாரையும் கூட்டிட்டுப் போவோம்டி." நாலு பேருக்குமேல் போக முடியாது என்றேன். "அது எவன் போட்ட சட்டம்?" என்று கோபப்பட்டாய். வீட்டுக்கு வந்ததும் பைகளைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கினேன்.

உனக்கு நெஞ்சுவலி வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்ததும் நேற்று மாதிரி இருக்கிறது. அதை எழுத இன்னும் கை வரவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, மாமா, உன் தம்பிதான், என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். தனியாகப் பெண் ஒருத்தி இருக்கிறாளே என்ற கவலைதான்.

"அக்காவும் போயிருச்சு. நீ இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான் இங்க இருக்கப்போற?" என்று கேட்டார்.

கைப்பைக்குள் நீ தந்த நகல் நாலாக மடித்து இருந்தது. இப்போதும் இருக்கிறது, போகிற இடமெல்லாம் வருகிறது. அதை எடுத்துக் காட்டவில்லை அம்மா. அவர் முகத்தைப் பார்த்து, "நிரந்தரமா மாமா" என்றேன்.