படத்தில் நிற்க ஓர் ஆள்

பிப்ரவரி 4

என் கேமராக்காரிக்கு,

நீ அனுப்பிய பள்ளத்தாக்குப் படத்தைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினேன்; ஒருத்தரும் நின்று பார்க்கவில்லை. நம் மேஸ்திரி மட்டும், “என்னண்ணே, பைப் பதிக்கத் தோண்டினதா?” என்று கேட்டார். கோபப்படாதே. பெண்டாட்டி சரக்கு என்பதற்காக நல்ல சரக்கு என்று சொல்ல எனக்கு வராது. வானம், ஆறு, பாறை எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைத்திருக்கிறாய். கடை போட்ட புதிதில், இருக்கிற டைல்ஸை எல்லாம் வாசலில் பரப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? வந்தவர்கள் குழம்பிப் போய்த் திரும்பினார்கள்.

குளிருமே. என் சிவப்பு ஸ்வெட்டரைத்தானே தூக்கிக்கொண்டு போனாய், அதைப் போட்டுக்கொள்.

உன் டைல்ஸ்காரன்

பிப்ரவரி 15

அன்புள்ள முதலாளிக்கு,

மேஸ்திரி வாய்க்குச் சர்க்கரை போடுங்கள். அகல லென்ஸில் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஆனால் எதிர்ப்பாறை எங்கோ தள்ளிப்போய்க் குட்டையாகிவிடும். அதனால் எல்லோரும் நிற்கும் மேடையை விட்டுவிட்டு, ஆறு வளைகிற இடத்துக்கு நடந்தேன். தூர லென்ஸில் அந்த ஒரு வளைவு மட்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பாறை மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கிறது. இதை மாட்டிப் பாருங்கள்.

நேரிலேயே வந்து பார்க்கலாம். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுகிறேன். “கடையை யார் பாக்கறது?” என்பீர்கள். இதற்குமேல் கூப்பிட மாட்டேன்.

உங்கள் கேமராக்காரி

பிப்ரவரி 24

கேமராக்காரிக்கு,

படத்தின் முன்னால் கூட்டம். குளியலறைக்கு டைல்ஸ் வாங்க வந்த அம்மா, “ஐயோ, எவ்ளோ ஆழம்!” என்று கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

ஆழம் எப்படித் தெரிகிறது என்று உற்றுப் பார்த்தேன். பாறை நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி. டைல்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்தேன். என் ஸ்வெட்டர்! உள்ளே நீ! பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. அறிவிருக்கிறதா உனக்கு?

அது போகட்டும். நீ அங்கே நின்றால் கேமராவை அழுத்தியது யார்?

உன் டைல்ஸ்காரன்

மார்ச் 3

முதலாளிக்கு,

அழுத்தியது விடுதிச் சமையல்காரம்மா. நிம்மதியாகத் தூங்குங்கள்.

பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் பாறையின் உயரம் தெரியும். சமையல்காரம்மா நுனிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார்; என்னோடு வந்தவர் வேறு யாரும் இல்லை, நானே நின்றேன். கட்டிய பெண்டாட்டியைக் கண்டுபிடிக்க உங்களுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது, பார்த்தீர்களா?

கேமராக்காரி

மார்ச் 9

என் கண்ணுக்கு,

கடையைப் பூட்டியாயிற்று. மேஸ்திரி ஓடிவந்து, “அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்கிறார். புதன்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் பேச்சு இதுதான்: கேமராவுக்குப் பின்னால் நீ, பாறை மேல் நான். கம்பி இருக்கிற பாறையாகப் பார்த்து வை. ஒரு வாரம், காலை வெயில் மட்டும். நிற்கிறதற்குக் கூலி வேண்டாம்; ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

உன் டைல்ஸ்காரன்