மீசை வைத்த பாக்கியம் அக்கா

என் அன்பான பாக்கியம் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, மௌத்தான ஆளுக்கு இப்பிடிச் சிரிச்சிக்கிட்டா எழுதுற?" என்று கேட்கிறார். "அந்த ஆள் சொன்ன மாதிரித்தான் எழுதுறன், நீங்க தேத்தண்ணியக் குடிங்க" என்றேன். நீங்கள்தானே சொன்னீர்கள், அழுது கிழுது எழுதக் கூடாது என்று?

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. சமையலும் தோட்டமும் பேசுகிற நம்முடைய 'குசினியும் வளவும்' இணைய மன்றத்தில் அன்றிலிருந்து ஒரே கேள்விதான். அக்கா எங்கே, அக்காவுக்குச் சுகமில்லையா, அக்கா ஏன் யாரையும் ஏசவில்லை? லண்டன் தயா தன் ஜன்னலோரத்துக் கத்தரி பூத்த படத்தைப் போட்டுவிட்டு, "அக்கா பாத்தீங்களா, அக்கா பாத்தீங்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி. சொல்லும் பொறுப்பையும் என் தலையில்தான் கட்டிவிட்டுப் போனீர்கள்.

பயமாகத்தான் இருந்தது. இத்தனை காலமும் எங்களை ஏமாற்றிவிட்டார் என்று யாராவது சொல்லிவிட்டால்? கோபித்துக்கொண்டு பாக்கியம் என்ற பெயரையே இனி யாரும் கூப்பிடாமல் விட்டுவிட்டால்? உங்களுக்கு வேண்டியது அந்த ஒன்றுதானே. அதனால் இந்தக் கடிதத்தை மன்றத்திலேயே போடுகிறேன், எல்லாரும் வாசிக்கட்டும். உங்களுக்குத் தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு கல்முனைக்குடியில் எங்கள் வளவு வெறும் உப்புத்தரையாகக் கிடந்தது. ஆட்கள் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். குசினியும் மதிலும் முருங்கையும் போயின. வீட்டைத் திருப்பிக் கட்டி வருஷக்கணக்காகியும் கிணற்றடியில் ஒரு பச்சைமிளகாய்க் கன்று தலை தூக்கவில்லை. கத்தாருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுப்போன கம்பியூட்டரில் எப்படியோ நம்முடைய மன்றத்தைக் கண்டுபிடித்து, "உப்பு மண்ணில் மிளகாய் வைக்கலாமா?" என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் பாவம் பாவம் என்று எழுதினார்கள். நீங்கள் மட்டும் ஏசினீர்கள்.

"மண்ணக் கழுவாம கண்டு வைச்சா அது சாகாம என்ன செய்யும்? மாரிக்கு வரம்பு கட்டி மழைத்தண்ணிய நிக்க விடு தங்கச்சி. மறுகா வெட்டி விடு. திரும்பவும் கட்டு. அதுக்குப் பிறகு உமிக்கரியும் மாட்டெருவும் போடு. அதுவரைக்கும் மிளகாயத் தயிர்ச் சட்டியில வை."

வரம்பு கட்டு, வெட்டி விடு என்று வயற்காரன் மாதிரி உத்தரவு போடுகிற ஒரு அக்காவை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. அந்த வாரமே கடைத்தெருவில் தயிர்ச் சட்டி தேடி அலைந்தேன். சட்டிக்காகவே தயிர் வாங்கி வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் தும்மலும் தடிமனும் பிடித்தது.

பிறகு நான் உங்களிடம் கேட்காதது என்ன? இடியப்ப மா ஏன் வெடிக்கிறது, கறிக்கு வாசத்துக்குப் போடும் ரம்பைப் பற்றை ஏன் மஞ்சளிக்கிறது, தலைமயிர் ஏன் கொட்டுகிறது. யா அல்லாஹ், தலைமயிர்! கறிவேப்பிலையையும் வெந்தயத்தையும் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் பூசு, ஈரத்தலையைக் கட்டாதே என்று நீங்களும் வெட்கமில்லாமல் பதில் எழுதினீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு எழுதியதாகப் பின்னால் சொன்னீர்கள். மயிர் கொட்டுவது நின்றதென்னவோ உண்மை.

எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஒரு நாள் நீங்கள் இப்படி எழுதினீர்கள்: "என்ட கத்தரிக்காய்க் கறி எனக்கே வருகுதில்ல. ருசி நாக்கில நிக்கிது, கைக்கு வருகுதில்ல. தெரிஞ்சாக்கள் சொல்லுங்க." மன்றமே சிரித்தது. "அக்காக்கு வயசு போயிட்டு, சொந்தக் கறியையே மறந்திட்டா" என்று தயா பகிடி பண்ணினாள். ஆனால் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நீங்கள் ஒவ்வொன்றையும் சமைத்துப் பார்த்து வந்து அறிக்கை வாசித்தீர்கள். புளி விட்டன், இல்ல. கடுகு அரைச்சன், இல்ல. கூனி இறால் போட்டன், கிட்ட வந்திச்சு, ஆனா இல்ல.

பொரிக்க முதல் கத்தரிக்காய்க்கு உப்புப் பிரட்டுவதா வேண்டாமா என்று நீங்களும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அன்று, "கரண்ட் போகப் போகுது போல, மினுங்குது" என்று நான் எழுதினேன். "இஞ்சயும் மினுங்குது" என்று நீங்கள் எழுதினீர்கள். இரண்டு பேரும் ஒன்றாகக் காணாமல் போனோம். கரண்ட் வந்து பார்த்தால் தயா எழுதியிருக்கிறாள்: "என்ன ரெண்டு பேரும் ஒரே தூணில இருந்தா கரண்ட் எடுக்கிறீங்க?"

அப்போதுதான் தனியாகக் கேட்டேன், அக்கா நீங்கள் எந்த ஊர் என்று. பாண்டிருப்பு என்று வந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். மன்றத்தில் எல்லாரும் கனடா, லண்டன் என்று இருக்க, நீங்களும் அப்படி எங்கேயோ குளிருக்குள் இருக்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன். பாண்டிருப்பு என்றால் பஸ்ஸில் ஏறி ஆசனத்தில் ஒழுங்காக உட்காருவதற்குள் வந்துவிடும். ஆனால் அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம்? சண்டை முடிந்து கொஞ்ச நாள். அதற்கு முன் வருஷக்கணக்காக முஸ்லிம்கள் நாங்கள் அங்கே போகவும் பயம், தமிழ் ஆட்கள் நீங்கள் இங்கே வரவும் பயம். தயாவோடு கதைப்பது லேசாக இருந்தது, உங்கள் ஊருக்குப் போவதுதான் தூரமாக இருந்தது.

"வரட்டா அக்கா?" என்று கேட்டேன். "வா" என்று ஒரு சொல்தான் வந்தது.

புறப்பட முதல் இன்னொன்றும் கேட்டேன், உங்கள் கறியை மூடிவைத்துத் திறக்கும்போது என்ன வாசம் வரும் என்று. "வறுத்த அரிசி வாசம் ஒண்டு வரும், அது எங்கயிருந்து வருகுதெண்டு எனக்கு விளங்கல்ல" என்றீர்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அரிசியையும் தேங்காய்ப்பூவையும் ரம்பைத் துண்டோடு பொன்னிறமாக வறுத்து இடித்து, கறியை இறக்கும்போது தூவுவது. எங்கள் பக்கத்துக் குசினிகளில் அந்தப் போத்தல் எப்போதும் இருக்கும். மன்றத்தில் போட மனமில்லை, கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் போலிருந்தது. இடித்து, ஒரு பழைய ஜாம் போத்தலில் அடைத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வந்தேன்.

வளவில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் கத்தரிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நரைத்த பெரிய மீசை. "பாக்கியம் அக்கா இருக்காவா?" என்று கேட்டேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "உள்ளுக்கு வாங்க தங்கச்சி" என்றார்.

உள்ளே சுவரில் ஒரு படம். பூமாலை, முன்னால் விளக்கு.

"இதுதான் பாக்கியம். கடல் கொண்டு போயிட்டு. எழுதுறது நான்தான்" என்றீர்கள்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப தலைமயிர் கொட்டுறதெல்லாம் இந்த மீசையிட்டயா புள்ள கேட்ட?" என்றாரே! உங்களுக்கு மீசை துடித்தது. பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாலை போட்ட படத்துக்கு முன்னால் அப்படிச் சிரித்தது எனக்கு வெட்கமாக இருந்தது. "சிரிங்க, அவவும் சிரிக்கிற ஆள்தான்" என்றீர்கள்.

கனடாவில் இருக்கிற மகள் சுகந்திதான், அப்பா தனியாகக் கிடந்து யோசிக்கக் கூடாது என்று உங்களை மன்றத்தில் சேர்த்துவிட்டாள். என்ன பெயர் போட என்று கேட்டதற்கு, உங்கள் வாயில் வந்த பெயர் பாக்கியம். முதல் நாளே யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள். திருத்த நினைத்தீர்கள், முடியவில்லை. "ஒரு நாளைக்கு எத்தின பேர் பாக்கியம் அக்கா எண்டு கூப்பிடுறாங்க தங்கச்சி. இந்த ஊட்டுக்குள்ள அந்தப் பேரக் கூப்பிட ஆளில்ல. நான் அத ஏன் நிப்பாட்ட?" என்றீர்கள்.

அன்றைக்கு நீங்களே சமைத்தீர்கள். கத்தரிக்காயைப் பொரித்து, கூனியும் தேங்காய் முதற்பாலும் விட்டு, இறக்கும்போது என் தூளைத் தூவி மூடினீர்கள். கொஞ்ச நேரம் விட்டு மூடியைத் திறந்தீர்கள். வாசம் வந்தது. சட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றீர்கள்.

"அவ வந்திட்டா" என்றீர்கள்.

"இது எங்கட பக்கத்துத் தூள் அண்ணன். அக்கா எங்க பழகினவ?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள், அக்கா விடியவே கீரையும் கத்தரிக்காயும் விற்கக் கல்முனைக்குடி ஒழுங்கைகளுக்குத்தான் போவாள், பகலைக்கு வந்து சமைப்பாள் என்று. எங்கள் பெண்களில் யாரோ ஒருத்தி வாசலில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது யாராக இருக்கும்? கடலுக்குப் போனவர்களில் ஒருத்தியோ, இன்னும் இருக்கிறவளோ?

"நான் ஒரு நாளும் கேக்கல்ல தங்கச்சி. வயலில இருந்து வருவன், தட்டில போடுவா, திண்டிட்டு எழும்பிருவன். இதுக்குள்ள என்ன போட்டாய் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்று அழுதீர்கள். நானும் அழுதேன். இவர் மட்டும் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் நீங்கள் திரும்பச் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் சைக்கிள் எங்கள் வாசல் படலையில் நிற்காத வாரமில்லை. அந்த நோன்பு மாதத்தை மறப்பேனா! நல்ல பகல் வெயிலில் சட்டியோடு வந்து மூடியைத் திறந்து, "உப்பு ஒருக்காப் பாருங்க தங்கச்சி" என்று கரண்டியை நீட்டினீர்கள். நான் கரண்டியைப் பார்த்தேன், நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஐயோ கடவுளே, நோன்பெல்லோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு, சட்டியையும் மறந்து படலைக்கு ஓடினீர்கள். இவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும்வரை எங்களோடு பட்டினி கிடந்தீர்கள். கஞ்சிக் கோப்பையை முதலில் காலியாக்கியதும் நீங்கள்தான்.

இப்போது உள்ள செய்தியும் சொல்ல வேண்டும். உங்கள் முப்பத்தோராம் நாளுக்குச் சுகந்தி வந்து நின்றாள். உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும் என்று கத்தரிக்காய்க் கறியை என்னைத்தான் வைக்கச் சொன்னாள். உங்கள் குசினியில், உங்கள் வளவுக் கத்தரிக்காயில் வைத்தேன். படையலில் வைக்க முதலே எனக்கென்று ஒரு கோப்பையில் தனியாக எடுத்து மூடி வைத்தாள். "படைச்சத நீங்க தின்ன மாட்டீங்க எண்டு அப்பா சொல்லியிருக்கார் அன்ரி" என்றாள். பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் அண்ணன். பிறகு, "அப்பாட அக்கவுண்ட மூடவா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு மகள் என்றேன்.

மன்றத்துக்குச் சொல்ல முதல், தயாவுக்கு மட்டும் நேற்றுத் தனியாக எழுதினேன். கோபித்தால் அவள்தான் முதலில் கோபிப்பாள், அவள்தானே உங்களோடு அதிகம் மல்லுக்கட்டியவள். பதிலே இல்லை. கம்பியூட்டருக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து சோற்றைக் கரிய விட்டேன். இன்று காலையில் எழுதியிருந்தாள்.

"சிரிச்சுச் சிரிச்சு அழுதிட்டன் நசீமா. இவ்வளவு நாளும் அவர் அனுப்பின விதையில வந்த கத்தரியைத்தானே நான் ஜன்னலில வைச்சிருக்கிறன். ரெண்டு கண்டு நிக்கிது. ஒண்டுக்கு எப்பவோ பாக்கியம் எண்டு பேர் வைச்சிட்டன். மற்றதுக்குப் பேரில்ல. அண்ணன்ட பேர் என்ன?"

யோசித்துப் பாருங்கள், இத்தனை காலம் இந்த மன்றத்தில் இருந்தீர்கள், உங்கள் பெயரை யாரும் ஒரு தரமாவது கூப்பிட்டதில்லை. அக்காவின் பெயர் மறையக் கூடாது என்று உங்கள் பெயரை ஒளித்து வைத்தீர்கள். இப்போது கேட்கிறார்கள்.

அதனால் எழுதுகிறேன், எல்லாரும் வாசிக்க, இந்த மன்றத்தில் முதல் தரமாக: உங்கள் பெயர் தம்பிராசா.

அக்கவுண்டை மூட மாட்டோம். உங்கள் கடைசிக் கத்தரிப்பழத்து விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்புவேன், ஒவ்வொரு பொதியிலும் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுவேன். இது வாக்கு அண்ணன். வருகிற மாரியில் என் வளவிலும் இரண்டு பெயருக்கும் ஒவ்வொரு கன்றைப் பக்கத்தில் பக்கத்தில் நடுவேன். மண் கழுவியாயிற்று, நீங்கள் ஏச ஒன்றும் இல்லை.

பாக்கியம் அக்காவைக் காணாமலே அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய,
உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
நசீமா
கல்முனைக்குடி