கப்பலில் இல்லாத திங்கட்கிழமை

செப். 2, செவ்வாய்

வாங்க: 6 வடிவ மெழுகுவர்த்தி, பால், யாழினிக்கு வெள்ளைக் காலுறை, வாஷிங் பவுடர்.

காலை 7.30க்குக் கவியைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. யாழினி சீருடையோடு போனைப் பிடித்துக்கொண்டு, "அம்மா தூங்குறாங்களாப்பா?" தெரியாது என்றேன்.

கவியின் கன்டெய்னர் கப்பல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிளம்பி ஐந்து நாள் ஆகிறது. எங்கள் ஊர் போர்ட் கிள்ளான் வர இன்னும் மூன்று வாரம். அவள் செகண்ட் ஆபீசர். பகல் 12–4, நள்ளிரவு 12–4 பிரிட்ஜில், கப்பலை ஓட்டும் மேல் அறையில், டூட்டி. நம் 7.30 அங்கே மாலை 4.30 என்றுதானே கணக்கு? டூட்டி முடிந்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து மெசேஜ். "நீ கூப்பிட்டப்ப மணி மூணரை. பிரிட்ஜ்ல நின்னேன் லா. நேத்து கடிகாரத்த ஒரு மணி பின்னால தள்ளிட்டோம்."

யார் தள்ளியது? அமெரிக்காவா? கேட்டேன்.

"கேப்டன்."

ஒரு மனிதர் மணியை மாற்றலாம் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

செப். 3, புதன்

வேலைக்குப் போகும் பிரிக்பீல்ட்ஸ் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மடிக்கணினியில் சின்னதாக ஒரு பைதான் நிரல்: இப்போது கவிக்கு மணி என்ன? பத்து வரிதான். யாழினிக்கும் காட்டலாம்.

இரண்டு நேரங்களைக் கழிக்கச் சொன்னேன். முடியாது என்றது. ஒன்றுக்கு நேர மண்டலம் தெரியும், இன்னொன்றுக்குத் தெரியாது, அதனால் கழிக்க மாட்டேன் என்று பிடிவாதம். அலுவலகத்தில் பக்கத்து மேசை சுபாவிடம் காட்டினேன். "அண்ணே, எந்த ஊரு மணின்னு சொல்லாம மணி சொன்னா அது என்னா செய்யும்?" சரிதான்.

ஆனால் கப்பலுக்கு எந்த ஊர்? பைதானின் ஊர்ப் பட்டியலில் கோலாலம்பூர் இருக்கிறது, சின்னச் சின்னத் தீவுகள்கூட இருக்கின்றன. நடுக்கடல் என்று ஓர் ஊர் இல்லை. மேற்கே போகப் போக எத்தனை மணி பின்தங்கும் என்று எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு கூத்து: GMT+12 என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தால் பன்னிரண்டு மணி பின்னால் போகிறது. கூட்டல் குறிக்குக் கழித்தல் பொருள். யார் வைத்த பெயரோ! காலையில் அரை மணி அதிலேயே போயிற்று. சுபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மதியம் பனானா லீப் கடையில் இலைச் சாப்பாடு. ரசம் சுமார்.

செப். 4, வியாழன்

கவியிடமிருந்து ஒரு படம். கப்பல் அறிவிப்புப் பலகை. ஞாயிறு 7ஆம் தேதிக்கு அடுத்து செவ்வாய் 9. கீழே அவள் கையெழுத்து.

தேதிக்கோட்டைத் தாண்டுகிறார்கள். மேற்கே வரும்போது ஒரு நாள் காணாமல் போகும், பள்ளியில் படித்ததுதான். எந்த நாள் என்பதையும் கேப்டன்தான் முடிவு செய்வாராம்.

திங்கள் 8. யாழினியின் பிறந்தநாள்.

படத்துக்குக் கீழே: "திங்கள எடுத்துடலாம்னு நான்தான் கேட்டேன். அப்பறம் விளக்கமா சொல்றேன்." அதோடு சரி. பிறகு எத்தனை மெசேஜ் போட்டும் ஒற்றை டிக். கப்பலில் இணையம் போய்விட்டது போல.

அவளே கேட்டாளாம்.

போன வருடம் பிறந்தநாளுக்குச் சிக்னல் இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஏதோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலை. அவை அவள் கையில் இல்லை. இது?

யாழினியிடம் சொல்லவில்லை. அவள் தரையில் படுத்துக் கப்பல் வரைந்துகொண்டிருந்தாள். கப்பலின் எல்லா ஜன்னலிலும் அம்மா.

செப். 5, வெள்ளி

விடுமுறை. துணி மடித்தேன். இன்னும் ஒற்றை டிக்.

செப். 6, சனி

பகல் முழுக்க மழை. பக்கத்து வீட்டு லில்லி ஆன்டி யாழினிக்கு மீ ஹூன், அரிசிச் சேமியா, கொண்டுவந்தார். நான் வேலைக்குப் போகும் நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"ஒரு நாளையே தூக்கிருவாங்களா? நம்மகிட்ட அரை மணிதான் தூக்குனாங்க. எம்பத்திரண்டு நியூ இயருக்கு. அப்ப நம்ம மணி அரை மணி லேட்டு. பதினொன்ற ஆச்சோ இல்லியோ, பன்னெண்டுன்னுட்டாங்க! எங்கப்பா கேக்க வெட்டவே இல்ல, அதுக்குள்ள வருஷம் பொறந்துருச்சு."

ஆன்டி போனதும் சும்மா இருக்க முடியவில்லை. நிரலில் போட்டேன். அந்த டிசம்பர் 31, கோலாலம்பூர் இரவு 11 மணியிலிருந்து 12 வரை எவ்வளவு? ஒரு மணி நேரம் என்றது. தவறு. ஆன்டிக்குத் தெரிந்தது இதற்குத் தெரியவில்லையே! இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தேன். அரை மணி.

அப்படியென்றால் ஒரே ஊரின் இரண்டு நேரங்களைக் கொடுத்தால் அது கடிகார முள்ளின் நிலையை மட்டும் கழிக்கிறது. நடுவில் உண்மையில் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்ப்பதில்லை. மணி என்பது பெயர்தான். பெயரை எடுத்தார்கள், ஆன்டியின் அப்பாவுடைய இரவில் ஒரு நொடியும் குறையவில்லை.

கை தானாகத் திங்கட்கிழமையைத் தட்டியது. பொது நேரத்துக்கு மாற்றி, அங்கிருந்து கப்பல் நேரத்துக்கு.

கிள்ளான் திங்கள் காலை 7.30: கப்பலில் ஞாயிறு பகல் 11.30
கிள்ளான் திங்கள் மாலை 6: கப்பலில் ஞாயிறு இரவு 10
கிள்ளான் திங்கள் இரவு 8: கப்பலில் ஞாயிறு முடிந்து செவ்வாய்

மூன்று முறை ஓட்டினேன். பிள்ளையின் பிறந்தநாள் அங்கே எங்கும் போகவில்லை. ஞாயிறு என்ற பெயரில் இருக்கிறது.

ஞாயிறு என்றால் கப்பலில் ஓய்வு நாள்.

மீ ஹூன் ஆறிப்போயிற்று.

செப். 7, ஞாயிறு

மதியம் கவி கூப்பிட்டாள். ஆன்டெனாவில் கோளாறாம், இன்றுதான் சரியானது. எடுத்ததும் நான் சொன்னேன்: "உன்னோட ஞாயிறுதான் நம்ம திங்கள்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "கண்டுபிடிச்சிட்டியா! அதத்தான் சொல்ல வந்தேன், லைன் போயிடுச்சு."

கேப்டன் முதலில் ஞாயிற்றைத்தான் எடுப்பதாக இருந்தாராம். அப்படி எடுத்தால் யாழினியின் பிறந்தநாள் அங்கே திங்கட்கிழமையாக விழும். எல்லாரும் எஞ்சின் அறையிலும் டெக்கிலும் கிடப்பார்கள். இவள் போய்ப் பேசியிருக்கிறாள். "லீவு நாள் போயிடும்னு மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. கேப்டன் சரின்னுட்டாரு. நீ என்ன நினைச்ச?"

ஒன்றுமில்லை என்றேன்.

"குணா."

"கோவமாத்தான் இருந்தேன். ரெண்டு நாளா."

"தெரியும். மொத நாளு கேட்டதோட சரி, அதுக்கப்பறம் நீ ஒரு மெசேஜும் போடல." இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "நானும் அப்படி பாதியில விட்டிருக்கக் கூடாது."

மாலையில் கேக் சொல்லிவிட்டு வந்தேன். சாக்லெட். லில்லி ஆன்டிக்கு முட்டையில்லாமல் ஒரு சின்னது.

செப். 8, திங்கள்

காலை 7.30. முதல் ரிங்கிலேயே எடுத்தாள். கப்பல் சாப்பாட்டு அறை முழுக்க ஆட்கள், எல்லாரும் செருப்பும் அரைக்கால் சட்டையுமாக. கேப்டன்கூட டி-சர்ட்டில். நடுவில் கேக். கப்பலில் தீ கூடாது என்பதால் மெழுகுவர்த்திக்குப் பதில் கேக் மேல் ஒரு சின்ன டார்ச் லைட். யாழினி இங்கிருந்து போனில் எச்சில் தெறிக்க ஊதினாள். இரண்டு நொடி கழித்து அங்கே சமையல்காரர் சுவிட்சை அணைத்தார். பெரிய கூச்சல். பாட்டும் பின்னால் இழுத்து இழுத்து வந்தது.

கவிக்கு 12 மணி டூட்டி. சீருடையிலேயே நின்றாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாலர் பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதம்.

இரவு 8. மிச்சக் கேக்கைத் தின்றுகொண்டிருந்த யாழினியிடம், அம்மாவுக்கு இந்த நிமிடம் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது என்றேன். கரண்டியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அம்மா நாளைக்குப் போயிட்டாங்களா?"

"ஆமாம்."

"அப்ப நாளைக்கு மழையான்னு கேளுங்கப்பா. எங்களுக்கு ஓட்டப் பந்தயம் பிராக்டிஸ் இருக்கு."

கேட்டேன். டூட்டி முடிந்ததும், இங்கே நள்ளிரவில், பதில் போட்டாள்: "மழை இல்ல, ஓடச் சொல்லு."