நீங்கள் எப்போது போகிறீர்கள்?

நீகட்டா, ஜப்பான்
12.01.2025

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் உம்மாவின் சுகத்துக்கும் துஆ செய்கிறேன்.

நேற்றும் போனில் சண்டை பிடித்துத்தான் வைத்தோம். "எப்ப வாறாய்?" என்று கேட்டீர்கள். நான் அழுதேன். நீங்கள் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் கேட்டுத்தானே ஆகவேண்டும்!

இங்கே வாசற்படி தெரியாத அளவுக்குப் பனி. என் அறையில் லின் என்று ஒரு வியட்நாம் பிள்ளை இருக்கிறாள். மௌத்தாகிப்போன தகப்பனின் படத்துக்கு முன்னால் ஒரு தோடம்பழத்தை வைத்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். முதல் கிழமை எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நான் தொழும்போது அவள் கதவுக்கு வெளியே குளிரில் நின்று, முடிந்த பிறகுதான் உள்ளே வருகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சதோ என்று ஒரு அம்மா. வந்த புதிதில் இந்த ஊர்ப் பிள்ளைகள் மேல் எனக்குப் பெரிய கோபம். பெற்றவளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்களே, இவர்களுக்கு இரக்கமே இல்லை என்று உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பிறகு அந்த அம்மாவின் மகனைப் பார்த்தேன். ஞாயிறுதோறும் ரயில் மாறி ரயில் ஏறி வருகிறார். தாயின் காலைத் தன் மடியில் தூக்கிவைத்து நகம் வெட்டிவிடுகிறார். அந்த ஒரு வேலையை எங்களுக்கு விடுவதில்லை. இரண்டு பேரும் அதிகம் கதைப்பதும் இல்லை. எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போட்டேன்.

இன்னொன்று. "இன்னும் ஒண்டுமில்லையா?" என்று இங்கே ஒருவரும் என் வயிற்றைப் பார்த்துக் கேட்கவில்லை. நாம் கலியாணம் முடித்த நாலு வருடமும் அந்தக் கேள்விக்குப் பயந்து பயந்து விசேஷ வீடுகளுக்குப் போய் வந்தவள் நான். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

உம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
றிப்தி


நிந்தவூர்
02.02.2025

றிப்திக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது.

நான் இப்போது மருதமுனையில் உன் உம்மாவின் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பது நம்முடைய வழக்கம்தான். பெண் இல்லாத வீட்டில் அவன் எப்படி இருப்பது? மாமி சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவா. நான் தனியே இருந்து தின்பேன். நான் வீட்டில் நின்றால் அவ முன்னறைக்குக்கூட வருவதில்லை. அவவின் வீட்டில் அவவையே நான் அடைத்து வைத்தது போல இருந்தது.

பள்ளிவாசலடியில் முத்தலிப் ஹாஜியார், "என்ன பஸால், பொஞ்சாதி உழைக்கா, நீ குந்தித் தின்றாய், குடுத்துவெச்சவன்டாப்பா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

"வேற இடத்தில பொண்ணு பாக்கட்டா மகன்?" என்று என் உம்மா கேட்கிறா. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நோன்புப் பெருநாளைக்கு முன் வருவாயா, மாட்டாயா? ஒரு முடிவை எழுது.

நாளைக்கு எங்கள் மூத்த காக்காவின் நெல் வெட்டும் மெசினோடு கிளிநொச்சிக்குப் போகிறேன். இங்கே அறுவடை முடியும் தறுவாய், அங்கே இன்னும் கிடக்கிறது. பதிலைக் கடித உறையில் எழுதியிருக்கும் பரந்தன் விலாசத்துக்குப் போடு.

பஸால்


நீகட்டா
20.02.2025

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

முடிவு கேட்டீர்கள். பெருநாளைக்கு வரமாட்டேன். மூன்று வருட ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டுத்தான் வருவேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, மச்சான். இதை இவ்வளவு நாளும் உங்களிடம் சொல்லவில்லை. கஷ்டப்படுகிறேன் என்றால் ஊர் பாவம் பார்க்கும். பிடித்திருக்கிறது என்றால் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும்.

உம்மாவின் வீட்டில் நீங்கள் பட்ட சங்கடம் எனக்கு உறைக்கவே இல்லை. நான் போய்விட்டால் அந்த வீடு உங்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஊரைவிட்டுத்தான் வந்தேன். உங்களை விடவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் உங்கள் உம்மா உங்களுக்கு வேறு இடம் பார்த்தால், அதை நீங்களே எனக்கு எழுதுங்கள். வேறு யாரும் சொல்லி நான் கேட்கக்கூடாது.

மட்டக்களப்பைத் தாண்டி நீங்கள் போனதாக எனக்கு நினைவில்லை. அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள்? எங்கே படுக்கிறீர்கள்?

றிப்தி


பரந்தன்
11.03.2025

அன்பின் றிப்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன்.

வந்த இரண்டாம் கிழமையே மெசினின் பெல்ட் அறுந்துபோனது. கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை, நாங்கள் வெட்டிக்கொண்டிருந்த வயல்காரர் வீட்டிலேயே தங்கவேண்டியதாகிவிட்டது. வயல்காரர் என்றா சொன்னேன்? இரண்டு பொம்பிளைகள், றிப்தி. செல்லத்தங்கம், பூமணி. கூடப்பிறந்தவர்கள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். இரண்டு பேரும் கலியாணம் கட்டவில்லை. ஆறு ஏக்கரும் அவர்கள் கையாலேதான். பூமணியக்கா உழவு மெசின் ஓட்டுவா.

ஆம்பிளையும் பிள்ளையும் இல்லாத வீடு இருண்டுபோய்க் கிடக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த வீட்டில் விடிந்தது முதல் சிரிப்புத்தான். நான் "மறுகா வாறன்" என்று சொன்னால் "மறுகா, மறுகா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது 'பிறகு'தான்; மறுகா என்ற சொல்லைக் கேட்டதே இல்லையாம்!

அவர்கள் சைவம். எனக்கென்று புதுச் சட்டி வாங்கி வைத்தார்கள். டவுனில் நம் ஆட்களின் கடையைத் தேடிப்போய் இறைச்சி வாங்கி வந்தார்கள். சமைக்கத் தெரியாமல் வாசலில் நின்று "தம்பி, இதை நீங்களே ஒருக்கால் காய்ச்சுங்கோ" என்றார்கள். நோன்பு திறக்கிற நேரத்தைச் செல்லத்தங்கமக்கா என்னைவிடக் கவனமாகப் பார்த்திருக்கிறா. முன்பின் தெரியாத வீட்டில், யாரோ இரக்கப்பட்டு வைத்த தண்ணீரில் நோன்பு திறக்கும்போது உன்னைத்தான் நினைத்தேன். நீ அங்கே ஒவ்வொரு நாளும் இப்படித்தானே இருக்கிறாய்?

ஒருநாள், "உங்கட மனிசி என்ன செய்யிறா?" என்று பூமணியக்கா கேட்டா. ஊரில் யாராவது கேட்டால் "வெளிநாட்டில" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன், உனக்குத் தெரியும். இங்கே எனக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஜப்பானில் வயதானவர்களைப் பார்க்கிறா என்றேன். பனியைப் பற்றிச் சொன்னேன். தாயின் நகத்தை வெட்டும் மகனைப் பற்றியும் சொன்னேன். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து இருந்துவிட்டார்கள். "அவ்வளவு தூரம் தனியப் போய், அந்தப் பாஷையும் படிச்சு! கெட்டிக்காரி. படம் இருந்தால் காட்டுங்கோ தம்பி" என்றா செல்லத்தங்கமக்கா. போனில் உன் படத்தைக் காட்டினேன். காட்டும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

பிறகு அவ கேட்டா: "அப்ப நீங்கள் எப்ப போறியள், அவவைப் பாக்க?"

அவ எப்ப வாறா என்று ஊரே கேட்டது. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எப்ப போறாய் என்று என்னை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. "இன்னும் யோசிக்கல்ல அக்கா" என்றேன். "யோசியுங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டா.

அன்றைக்கே உம்மாவுக்குப் போன் எடுத்து, "வேற இடம் ஒண்டும் பாக்க வேணாம்மா, எனக்குப் பொஞ்சாதி இரிக்கா" என்றேன். கொஞ்சம் ஏசினா. பிறகு, "நோன்பு பிடிக்கிறியா மகன்?" என்று கேட்டா.

மெசின் இப்போது ஓடுகிறது. முடிந்து வரும் வழியில் வவுனியாவில் இறங்கிப் பாஸ்போட்டுக்குக் கொடுக்கப்போகிறேன். புருசன் வந்து பார்த்துவிட்டுப் போக அங்கே விடுவார்களா? விசாரித்து எழுது.

உன்
பஸால்


நீகட்டா
14.04.2025

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைப் படித்து நான் அழுததைப் பார்த்து லின் பயந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் ஓடிப்போய்த் தகப்பனின் படத்துக்கும் சொல்லிவிட்டாள்.

பெருநாளன்று உம்மா போன் எடுத்தா. "மாப்பிள பெட்டியோட நம்மட வீட்டுக்கே வந்திட்டார். 'மாமி, நீங்களும் வந்து இரிங்க, தனியத் திங்க எனக்கு ஏலா' எண்டார். ரெண்டு பேரும் ஒண்டா இருந்துதான் புரியாணி திண்டம்" என்றா. இத்தனை வருடத்தில் உம்மா உங்களைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்தது இதுதான் முதல் தடவை.

விசாரித்தேன். கொஞ்ச நாளைக்கு வந்து பார்க்கலாமாம். கேட்கிற கடிதங்களை எழுதித் தர இல்லத்துப் பொறுப்பாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். விசா கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. இந்த முறை கிடைக்காவிட்டால் மறுமுறை போடுவோம்.

பனி கரைந்துவிட்டது. பனிக்குள்ளேதான் இங்கே வந்து இறங்கினேன்; அது கரைந்த பிறகுதான் தெரிகிறது, இத்தனை நாளும் நான் வேலைக்கு நடந்து போனது வயல்களுக்கு நடுவால். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இப்போது உழுகிறார்கள். நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரம்பிலிருந்து இறங்கி, சேற்றைக் கையில் அள்ளிப் பார்ப்பீர்கள். வயல்காரர் ஏசினாலும் ஏசுவார். நான் மேலே நின்று சத்தமாகச் சிரிப்பேன். இங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது.

வாருங்கள்.

உங்கள்
றிப்தி