கதவில்லாத குசினி

சட்டன், லண்டன்
12.2.1989

அன்புள்ள கனகம்,

நலம். நீயும் போர்ட்டோவில் நலமாயிருப்பாய். கடிதம் எழுதத்தான் உனக்கு நேரமிருக்காது.

உன் பேராசிரியர் மெல்லோ எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வரைந்த நாற்பது வீடுகளின் வரைபடத்தை நேற்று மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, இந்த இருண்ட ஊரிலும் வெயிலைப் பிடித்து உள்ளே விடும் சன்னல்கள். கட்டுபெத்தைப் பல்கலைக்கழகத்தில் நாமிருவரும் கட்டடக்கலை படித்தபோது நூலகத்தில் அவர் கட்டடங்களைப் பார்த்து ஏங்கியது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

ஆனால் குசினிக்குச் சுவருமில்லை, கதவுமில்லை. நாங்கள் மீன் பொரித்தால் கூடத்தில் மாட்டிய கோட்டெல்லாம் அந்த மணந்தான். கோட்டில் மீன் மணக்கிறதென்று பள்ளியில் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை என்று என் மகள் அழுதுகொண்டு வந்தது உனக்குத் தெரியும். மார்ச் இறுதியில் வாக்கெடுப்பு. இப்படியே வந்தால் எங்கள் பெண்கள் வேண்டாமென்று விடுவார்கள். வீடுகளே கைவிட்டுப் போய்விடும். அவரிடம் சொல்லு.

அன்புடன்,
அருள்நாயகி

போர்ட்டோ
20.2.1989

அன்பு அருள்,

என்ன துணிவடி உனக்கு! இந்த நாட்டில் சர்வாதிகாரம் விழுந்த காலத்தில் குடிசைச் சனங்களோடு தரையில் உட்கார்ந்து, அவர்களைக் கேட்டுக் கேட்டு வீடு வரைந்த மனிதர் அவர். எங்கெங்கிருந்தோ அவரிடம் படிக்க வருகிறார்கள். பத்து வருடமாக அவர் அலுவலகத்தில் இருக்கிறேன், அவர் வரைந்த ஒரு கோட்டைக்கூட நான் மாற்றச் சொன்னதில்லை. நீ பெட்ரோல் ஸ்டேசன் கல்லாவில் இருந்துகொண்டு திருத்துகிறாய்.

கோபிக்காதே. எனக்குப் பயம். இந்த வேலையும் போனால் நான் எங்கே போவேன்?

உன்
கனகாம்பிகை

சட்டன்
27.2.1989

கனகம்,

'அன்புள்ள' என்று எழுத மனம் வரவில்லை. கல்லாவில் இருந்தால் படித்தது அழிந்துவிடுமா?

தப்பு எங்களிலும் உண்டு. சங்கத்தார் கருத்துக் கேட்டபோது எல்லாரும் "நல்லாயிருக்கு சேர்" என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் குறை சொன்னோம். நானும் ஆட்டினேன். வெட்கமாயிருக்கிறது.

இத்துடன் நான் திருத்தி வரைந்த தாள். அவருக்குக் காட்டாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

அருள்நாயகி

போர்ட்டோ
9.3.1989

என் அருள்,

காட்டிவிட்டேன். வகுப்பில், மாணவர்கள் முன்னால்.

உன் தாளைத் தன் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "கேட்டுவிட்டு வரையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். லண்டனில் நானே கேட்கவில்லை" என்று மாணவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "பத்து வருடத்தில் நீ ஏன் எனக்கு ஒரு பிழையும் காட்டவில்லை?" என்றார். அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறார். மீன் பொரிக்க வேண்டுமாம். கோட்டைக் கழற்ற மாட்டாராம்.

கனகம்

சட்டன்
29.3.1989

அன்புள்ள கனகம்,

நாற்பது வீட்டாரும் கை தூக்கினார்கள்!

அன்றைக்கு வந்தவர் கோட்டோடு அடுப்படியில் நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு அளவெடுத்தார். பக்கத்து வீட்டுச் செல்வமலர் அக்கா வாசலில் நின்று, "பெரிய ஆள் எண்டு சொன்னினம், உவர் எங்கட குசினிக்குள்ள நிண்டு மீன் திருப்பிறார்!" என்று வாயைப் பிளந்தார். அந்தக் கோட்டோடேயே கவுன்சில் கூட்டத்துக்கும் போனாராம். புதிய வரைபடத்தில் சுவரும் கதவும் நான் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. கீழே அவர் பெயர், அதன்கீழ் என் பெயர். நீ காட்டியிராவிட்டால் ஏது?

உன் அருள்

சட்டன்
18.6.1991

அன்புள்ள கனகம்,

போன மாதம் எனக்குக் கட்டடக்கலைஞர் பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது. கல்லாவுக்கு இனிப் போகமாட்டேன். இப்போது மெல்லோவின் ஆளாக, எங்கள் நாற்பது வீடுகளும் எழும்பும் மாடிக் கட்டடத்தில் நிற்கிறேன். அடுத்த மாதம் அவரோடு நீயும் வா. இந்தமுறை சாட்டுச் சொல்லாதே.

நேற்று ஏழாம் வீட்டுக் குசினிச் சுவரில் கதவுக்கு விட்ட இடைவெளி தவறான பக்கத்தில் இருந்தது. இடிக்கச் சொன்னேன். மேஸ்திரி என் சேலையையும் பூட்ஸையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அதை ஆர்க்கிடெக்ட் வந்து சொல்லட்டும், அம்மா" என்றான்.

"நான்தான் ஆர்க்கிடெக்ட்" என்றேன்.

இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடத்தில் அதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன், கனகம். மூன்றாம் மாடி வரை கேட்டிருக்கும். அவன் சுவரை இடித்தான்.

என்றும் உன்
அருள்நாயகி